வாசகர் கேட்ட முடிவு

வார இதழ்களில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்குத் ‘தொடரும்’ என்னும் ஒற்றைச் சொல்லின் வலிமை தெரியும். கதைத் தலைவி ஆற்றங்கரையில் நிற்கிறாள். பின்னால் காலடியோசை கேட்கிறது. அவள் திரும்பிப் பார்க்கிறாள். தொடரும். அடுத்த இதழ் வரும்வரை ஏழு நாள்களும் அவள் திரும்பியபடியே நிற்பாள். அவளுக்கு என்ன நேரும் என்று திண்ணையிலும் கிணற்றடியிலும் பேசித் தீர்ப்போம். பொறுக்க இயலாதவர் ஒருவர் ஆசிரியருக்கு அஞ்சலட்டை எழுதிப் போடுவார்: ‘ஐயா, அவளைக் கொன்றுவிடாதீர்கள்.’

அந்த அஞ்சலட்டைக்கு நீண்ட வரலாறு உண்டு. இன்று கணினியிலும் கைப்பேசியிலும் அத்தியாயம் அத்தியாயமாகக் கதைகள் வெளிவருகின்றன. படிப்பவர் உடனுக்குடன் தம் கருத்தை எழுதுகிறார். எழுதுபவர் அதற்கேற்ப அடுத்த அத்தியாயத்தைத் திருப்பிக்கொள்கிறார். இது நம் காலத்தின் புதுமை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், கதை முடியுமுன் வாசகர் குறுக்கிட்டுப் பேசுவதும், எழுத்தாளர் அதற்கு இணங்குவதும் மறுப்பதும் இரண்டரை நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்ட பழக்கம். கருவி மாறியிருக்கிறது, கேள்வி மாறவில்லை. வாசகர் கேட்பதையெல்லாம் எழுத்தாளர் கொடுக்கத்தான் வேண்டுமா? கொடுத்தபோது என்ன ஆயிற்று? மறுத்தபோது என்ன ஆயிற்று? இவற்றைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

மன்றாடிய சீமாட்டி

லண்டன் மாநகரில் அச்சுக்கூடம் நடத்திவந்தவர் சாமுவேல் ரிச்சர்ட்சன். ஐம்பது வயதைக் கடந்த பின்னரே நாவலாசிரியராக வெளிப்பட்டவர். அவருடைய ‘கிளாரிஸா’ ஏழு தொகுதிகள் கொண்ட பெருநூல். முழுவதும் கடிதங்களாலேயே அமைந்தது. அதை அவர் ஒரே முறையில் வெளியிடவில்லை. முதல் இரண்டு தொகுதிகள் 1747 டிசம்பரிலும், அடுத்த இரண்டு 1748 ஏப்ரலிலும், இறுதி மூன்று 1748 டிசம்பரிலும் வெளிவந்தன.

செல்வக் குடும்பத்துப் பெண் கிளாரிஸா. தான் வெறுக்கும் ஒருவனை மணக்குமாறு வீட்டார் அவளை வற்புறுத்துகின்றனர். அந்த நெருக்கடியில், லவ்லேஸ் என்னும் காமுகனின் சூழ்ச்சிக்கு இரையாகி அவள் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். நான்காம் தொகுதியை முடித்த வாசகர்கள் அவள் கதி என்னவாகுமோ என்று ஏழு மாதங்களுக்கு மேல் காத்திருந்தனர். முடிவு துயரமானது என்னும் செய்தி இதற்குள் கசிந்துவிட்டது. கடிதங்கள் ரிச்சர்ட்சனின் வாயிலைத் தட்டலாயின.

அவர்களுள் ஒருவர் லங்காஷயரைச் சேர்ந்த டொரதி பிராட்ஷா சீமாட்டி. தம் பெயரை மறைத்து, புனைபெயரில் எழுதினார். லவ்லேஸைத் திருத்துங்கள், கிளாரிஸாவை அவனுக்கே மணமுடித்து வாழவையுங்கள் என்று வேண்டினார், கெஞ்சினார், சில வேளைகளில் மிரட்டவும் செய்தார். ரிச்சர்ட்சன் ஒவ்வொரு கடிதத்துக்கும் பொறுமையாக மறுமொழி எழுதினார். முடிவை மட்டும் மாற்றவில்லை. இறுதித் தொகுதிகளில் லவ்லேஸ் மயக்க மருந்து ஊட்டிக் கிளாரிஸாவை வன்கொடுமைக்கு ஆளாக்குகிறான். அவனை மணப்பதால் அந்தக் கறை துடைக்கப்படும் என்று உலகம் சொல்வதை ஏற்க மறுத்து, அவள் தன்மானத்தோடு இறக்கிறாள்.

ஏன் மறுத்தார் ரிச்சர்ட்சன்? பிடிவாதத்தினால் அன்று. திருந்திய காமுகனே சிறந்த கணவன் என்றொரு நம்பிக்கை அக்காலச் சமூகத்தில் வேரூன்றியிருந்தது. அந்த நம்பிக்கை எத்தனையோ இளம்பெண்களின் வாழ்வைக் குலைத்தது என்று அவர் கருதினார். அதைக் கண்டிக்கவே இந்நூலை எழுதினார். வாசகர் கேட்ட மணவிழாவை அவர் நடத்தியிருந்தால், எந்தப் பொய்யை எதிர்த்து எழுதத் தொடங்கினாரோ அந்தப் பொய்க்கே பந்தல் போட்டவர் ஆகியிருப்பார்.

எனினும் வாசகரின் குரலை அவர் புறக்கணித்தார் என்று சொல்ல முடியாது. பலர் லவ்லேஸின் பேச்சழகில் மயங்கிக் கிடந்ததை அக்கடிதங்களிலிருந்து கண்டுகொண்டார். அதன் பயனாக, பின்வந்த பதிப்புகளில் அவனுடைய தீமை தெளிவாகத் தெரியுமாறு குறிப்புகளையும் பகுதிகளையும் சேர்த்தார். வாசகர் வேண்டியது ஒன்று. அவர்களுடைய கடிதங்கள் காட்டிக்கொடுத்தது வேறொன்று. ரிச்சர்ட்சன் இரண்டாவதைக் கேட்டார்.

சீமாட்டி என்ன செய்தார்? கோபித்தார், அழுதார், தொடர்ந்து எழுதினார். 1750இல் லண்டன் பூங்கா ஒன்றில், ரிச்சர்ட்சன் தம்மைப் பற்றி எழுதியனுப்பிய அங்க அடையாளங்களைக்கொண்டு அவரைத் தொலைவிலிருந்தே கண்டுகொண்டார். பின்னர் இருவரும் பழகி, 1761இல் ரிச்சர்ட்சன் மறையும்வரை நட்புப் பேணினர். சீமாட்டியின் சகோதரி எக்லின் சீமாட்டியோ, அந்த வன்கொடுமை நிகழாதவாறு கிளாரிஸாவுக்குத் தாமே வேறொரு முடிவு எழுதி வைத்தார். அது 1982இல் அச்சேறியது. தமக்குப் பிடித்த கதைக்குத் தாமே வேறு முடிவெழுதி இணையத்தில் வெளியிடும் இன்றைய இளைஞர்களுக்கு அந்த அம்மையார் மூத்தவர்.

பாரீஸ் நகரின் கடிதக் குவியல்

அடுத்த நூற்றாண்டில் கதை செய்தித்தாளுக்குள் புகுந்தது. 1836இல் எமீல் தெ ஜிரார்தன் பாரீஸில் ‘லா பிரெஸ்’ என்னும் நாளிதழைத் தொடங்கி, 80 பிராங்க்காக இருந்துவந்த ஆண்டுச் சந்தாவை 40 பிராங்க்காகக் குறைத்தார். குறைந்த தொகையை விளம்பரம் ஈடுசெய்தது. விளம்பரத்துக்கு வாசகர் கூட்டம் வேண்டும். வாசகரைப் பிடித்து வைக்கத் தொடர்கதை வேண்டும். இவ்வாறு நாவல் பக்கத்தின் அடிப்பகுதியில் குடியேறியது.

அந்த இடத்தில்தான் 1842 ஜூன் மாதம் யூழேன் சூவின் ‘பாரீஸின் மர்மங்கள்’ தொடங்கிற்று. அது வெளியான ‘ஜூர்னால் தே தெபா’ வசதி படைத்தோர் வாங்கும் இதழ். சூ கப்பற்படை மருத்துவராகப் பணிசெய்தவர். ஆடம்பர வாழ்வில் திளைத்தவர். திருடர் குகைகளையும் சாராயக் கடைகளையும் சீமான்களுக்கு வேடிக்கை காட்டும் திகில்கதையாகவே அவர் தொடங்கினார். மாறுவேடத்தில் உலவும் ரோடால்ஃப் என்னும் இளவரசன், வறுமையால் சீரழிந்த ஃப்ளோர்-த-மாரி என்னும் சிறுமி, கொடிய வக்கீல்கள், கொலைகாரர்கள் எல்லாரும் அதில் உண்டு.

பின்னர்க் கடிதங்கள் வரத் தொடங்கின. சீமான்களிடமிருந்து மட்டும் அல்ல. தொழிலாளர், கைதிகள், தையல் வேலை செய்யும் பெண்கள், குருக்கள், மருத்துவர் எனப் பலரிடமிருந்தும் வந்தன. அவற்றுள் நானூற்றுக்கும் மேற்பட்டவை பாரீஸ் நகர வரலாற்று நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. சிலர் கதைமாந்தர்மீது இரக்கம் காட்டுமாறு வேண்டினர். சிலர் ரோடால்ஃபைப் போல் தங்களுக்கும் உதவுமாறு சூவிடமே கையேந்தினர். வேறு சிலரோ, நீங்கள் எழுதியது எங்கள் வாழ்க்கை, ஆனால் முழுமையாக எழுதவில்லை என்றனர். அடகுக்கடை வட்டியின் கொடுமை, வழக்காட வழியற்ற ஏழையின் நிலை, சிறையிலிருந்து வெளிவந்தவனுக்கு வேலை கொடுக்க மறுக்கும் உலகம் ஆகியவற்றைத் தாங்கள் பட்டபடியே எழுதியனுப்பினர்.

சூ மாறினார். கதையின் போக்கு மாறிற்று. மாடியறையில் பட்டினியோடு போராடும் கல்பட்டை தீட்டும் தொழிலாளி மொரேலின் குடும்பம் கதையின் இதயமாயிற்று. கதையை நடுவில் நிறுத்திவிட்டு, ஏழைகளுக்கு இலவச வழக்குதவி, வேலையற்ற தொழிலாளிக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கும் ஏழைகள் வங்கி, சிறைச் சீர்திருத்தம் ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதலானார். கடிதங்களையே கதையின் அடிக்குறிப்புகளில் சேர்த்தார். 1843 அக்டோபரில் தொடர் முடிந்தபோது, திகில் வணிகராகத் தொடங்கியவர் சீர்திருத்தவாதியாக எழுந்து நின்றார். 1850இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1851ஆம் ஆண்டின் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறி, 1857இல் சவோய்ப் பகுதியிலுள்ள அன்னெசியில் இறந்தார்.

அந்த நாவலில் குறைகள் இல்லாமல் இல்லை. ஏழையின் துயருக்கு இளவரசனின் பணப்பையே தீர்வு என்று அது காட்டுவதை 1845இல் கார்ல் மார்க்ஸும் எங்கெல்ஸும் கடுமையாகச் சாடினர். எனினும் ஒன்றை மறுக்க இயலாது. எழுத்தாளர் வாசகரை மாற்றுவார் என்றே நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். இங்கே வாசகர்கள் எழுத்தாளரை மாற்றினார்கள்.

டிக்கன்ஸ் கேட்டதும் கேளாததும்

ஆங்கிலக் கால்வாய்க்கு இப்பால் சார்லஸ் டிக்கன்ஸ் மாதந்தோறும் வாசகரோடு பேசிக்கொண்டிருந்தார். அவருடைய ‘பிக்விக்’ 1836இல் தனித்தனிப் பகுதிகளாக வெளிவரத் தொடங்கியபோது விற்பனை சில நூறுகளில் தள்ளாடிற்று. நான்காம் பகுதியில் சாம் வெல்லர் என்னும் நகைச்சுவை வேலையாள் தோன்றினான். மக்கள் அவனைக் கொண்டாடினர். டிக்கன்ஸ் அவனுக்கு இடத்தைப் பெருக்கினார். விற்பனை 40,000 படிகளை எட்டிற்று. விற்பனைக் கணக்கும் ஒருவகை வாசகர் கடிதம்தான். ஆனால் அக்கடிதம் எப்போதும் நல்வழி காட்டுவதில்லை. ‘மார்ட்டின் சஸ்ஸில்விட்’ 1843இல் எதிர்பார்த்த அளவு விற்காதபோது, கதைத் தலைவனைத் திடீரென அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார். விற்பனை சிறிதே உயர்ந்தது. கதையின் கட்டுக்கோப்பு தளர்ந்தது.

1841 தொடக்கத்தில் ‘பழம்பொருள் அங்காடி’ என்னும் தொடர்கதையின் சிறுமி நெல் நோய்வாய்ப்பட்டாள். அவளைக் காப்பாற்றுமாறு கடிதங்கள் குவிந்தன. டிக்கன்ஸ் கண்ணீரோடு எழுதினார். ஆனாலும் அவள் இறந்தாள். வாரந்தோறும் அத்தொடரை வாங்கியோர் ஏறக்குறைய ஒரு லட்சம். ஒரு லட்சம் பேர் வேண்டியும் அவர் இணங்கவில்லை.

அதே டிக்கன்ஸ் தனியொரு பெண்ணின் கடிதத்துக்கு இணங்கினார். 1849 டிசம்பரில் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ தொடரில் மிஸ் மௌச்சர் என்னும் குள்ள உருவப் பெண் அறிமுகமானாள். தீய செயலுக்குத் துணைபோகும் தரகியாக அவள் வளரப்போகிறாள் என்று வாசகருக்குத் தோன்றுமாறு எழுதப்பட்டிருந்தது. டிக்கன்ஸின் வீட்டுக்கு அருகே ஜேன் சீமோர் ஹில் என்னும் பெண்மணி வாழ்ந்தார். அவரும் குள்ள உருவினர். கால்நகம், காலாணி பார்த்து மருத்துவம் செய்து பிழைத்தவர். தம் உருவத்தையே கதையில் கண்டு நொந்து, தாம் அடைந்த அவமானத்தை அவர் டிக்கன்ஸுக்கு எழுதினார்.

டிக்கன்ஸ் உடனே மறுமொழி எழுதினார். பல மனிதரைக் கலந்தே கதைமாந்தரைப் படைப்பதாகச் சொன்னார். ஆயினும் அவரை ஓரளவு மனத்தில் வைத்தே எழுதியதை ஒப்புக்கொண்டு வருந்தினார். கதையின் திட்டத்தையே மாற்றுவதாக வாக்களித்தார். 1850 மார்ச்சுப் பகுதியில் மிஸ் மௌச்சர் மீண்டும் வந்தபோது அவள் நல்லவள். உடல் ஊனத்தை மன ஊனமாக எண்ணும் உலகை நோக்கி நியாயம் கேட்கிறவள். கதையின் இறுதியில் தீயவன் ஒருவனைப் பிடித்துக்கொடுப்பவளும் அவளே. ஒட்டுப்போட்ட தையல் வெளியே தெரிகிறது என்று திறனாய்வாளர் கூறுவர். தெரிந்தால் என்ன? ஒரு மனிதப் பிறவிக்கு இழைத்த அநீதியைத் திருத்திய தையல் அது.

இன்னுமொரு கடிதம். ‘ஆலிவர் ட்விஸ்ட்’ கதையின் ஃபேகின் என்னும் திருட்டுக் கூட்டத் தலைவன் யூதனாகப் படைக்கப்பட்டிருந்தான். 1863இல் எலைசா டேவிஸ் என்னும் யூதப் பெண்மணி, இதனால் தம் இனத்தார்க்குப் பெருந்தீங்கு நேர்ந்துள்ளது என்று டிக்கன்ஸுக்கு எழுதினார். டிக்கன்ஸ் முதலில் தம்மை நியாயப்படுத்தினார். ஆனால் அந்தச் சொல் அவருள் தைத்துவிட்டது. 1864இல் தொடங்கிய ‘நம் பொது நண்பன்’ தொடரில் ரையா என்னும் நல்ல யூத முதியவரைப் படைத்தார். 1867இல் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ மறுபதிப்பானபோது, பிற்பகுதியில் ‘யூதன்’ என்று வந்த இடங்கள் பலவற்றில் ‘ஃபேகின்’ என்று பெயரை இட்டார். அம்மையார் அவருக்கு எபிரேயத் திருநூல் ஒன்றைப் பரிசாக அனுப்பினார்.

திரையில் தொடர்ந்த கதை

இனி நம் காலத்துக்கு வருவோம். இணையம் பரவியபோது தொடர்கதை தனக்கு ஏற்ற வீட்டைக் கண்டுகொண்டது. ஜப்பானில் 2000ஆம் ஆண்டையொட்டி, கைப்பேசியில் படிக்கும் குறுந்தொடர்கள் பிறந்தன. யோஷி என்னும் புனைபெயரில் எழுதியவரின் ‘டீப் லவ்’ அவற்றுள் முன்னோடி. இளம் வாசகியர் அவருக்கு மின்னஞ்சலில் தம் துயரங்களை எழுதினர். அவற்றின் சாயல் கதைக்குள் வந்தது. 2007இல் ஜப்பானில் மிகுதியாக விற்ற 10 நாவல்களுள் 5 கைப்பேசியில் பிறந்தவை. நம் நாட்டிலும், 2014இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட ‘பிரதிலிபி’ போன்ற தளங்களில் தமிழில் தொடர்கதை எழுதுவோரும், அத்தியாயம்தோறும் கருத்துரைப்போரும் பெருந்திரளாக உள்ளனர்.

வாசகரின் கையிலேயே கதையை ஒப்படைத்துப் பார்த்த முயற்சியும் உண்டு. அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ ஹஸ்ஸி 2006இல் ஒரு விளையாட்டைத் தொடங்கினார். அவர் ஒரு படம் வரைவார்; கதைமாந்தன் அடுத்து என்ன செய்ய வேண்டுமென வாசகர் கட்டளை எழுதுவார்; முதலில் வந்த கட்டளைப்படி அடுத்த படம் அமையும். கதை நகர்ந்தது, ஆனால் எங்கும் போய்ச் சேரவில்லை. பின்வந்த படைப்புகளில் அவர் கட்டளைகளிலிருந்து தேர்ந்தெடுக்கலானார். 2009 ஏப்ரல் 13 முதல் 2016 ஏப்ரல் 13 வரை வெளிவந்து, 8,000 பக்கங்களைத் தாண்டிய அவருடைய ‘ஹோம்ஸ்டக்’ என்னும் தொடரின் தொடக்கமும் அவ்வாறே. ஆனால் வாசகர் ஆயிரக்கணக்கில் பெருகியபோது புதுமையான சிக்கல் ஒன்று எழுந்தது. தாம் எதை எண்ணினாலும், அதையே கட்டளையாக எழுதிய ஒருவரை அந்தக் குவியலில் கண்டெடுக்க முடிந்தது. எல்லாரும் பேசும்போது யார் சொன்னதைக் கேட்டோம் என்பதற்குப் பொருளில்லை. காலப்போக்கில் அவர் கட்டளை கேட்பதையே நிறுத்திக்கொண்டார்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு ஆண்டி வெயர். கணினி நிரல் எழுதும் பணியிலிருந்த இவர், 2009 முதல் தம் வலைத்தளத்தில் ‘தி மார்ஷியன்’ என்னும் கதையை இலவசமாகத் தொடர்ந்து எழுதினார். செவ்வாய்க் கோளில் தனியே விடப்பட்ட விண்வெளி வீரன் ஒருவன், தன் அறிவை மட்டும் துணைகொண்டு உயிர்பிழைக்கும் கதை. ஏறத்தாழ 3,000 பேர் படித்தனர். அவர்களுள் வேதியியலாளரும் பொறியாளரும் இருந்தனர். வீரனைக் காப்பாற்றுங்கள் என்பதைவிட, இந்த வேதிவினை இவ்வாறு நிகழாது, இந்தக் கணக்கு தவறு என்பனபோன்ற மடல்களே அவருக்குப் பெரிதும் பயன்பட்டன. வெயர் ஒவ்வொன்றையும் சரிபார்த்துத் திருத்தினார். 2011இல் மின்னூலாகவும், 2014இல் அச்சு நூலாகவும் வெளிவந்து, 2015இல் அது திரைப்படமாயிற்று. அக்கதையின் நம்பகத்தன்மையில் முகம் தெரியாத அந்த வாசகர்களுக்கும் பங்குண்டு.

எந்தக் குரல்?

இவ்வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால், வாசகரிடமிருந்து மூன்று குரல்கள் எழுவதை உணரலாம். முதலாவது ஆசையின் குரல்: அவள் பிழைக்கட்டும், அவர்கள் மணந்துகொள்ளட்டும். இரண்டாவது பணத்தின் குரல்: இது விற்கிறது, இது விற்கவில்லை. மூன்றாவது சாட்சியின் குரல்: நீங்கள் எழுதியது எனக்குத் தெரிந்த உண்மைக்கு மாறானது, நீங்கள் எழுதியதால் எனக்குக் காயம் நேர்ந்தது.

ஆசையின் குரல் இழிவானது அன்று. அது அன்பிலிருந்து பிறப்பது. ஆயினும் அதற்கு முற்றிலும் இணங்கிய கதை நம்மைத் தாலாட்டுமே தவிர விழிக்கச் செய்யாது. பணத்தின் குரலுக்கு எழுத்தாளரும் வயிறுள்ளவர் என்பதால் ஓரளவு செவிசாய்க்கத்தான் வேண்டும். ஆனால் அது கதைத் தலைவனை அமெரிக்காவுக்கு அனுப்புமே அன்றி, எதற்காக என்று சொல்லாது. கதைகளை மெய்யாக வளப்படுத்தியது சாட்சியின் குரலே. ஒரு லட்சம் பேரின் ஆசைக்கு இணங்காத டிக்கன்ஸ், தனியொரு பெண்ணின் சாட்சிக்குத் தலைவணங்கியது முரண்பாடன்று. அதுவே அவருடைய மனச்சான்றின் அளவுகோல்.

இன்றைய எழுத்தாளருக்கு இந்தப் பகுத்தறிதல் முன்னைவிடக் கடினம். அன்று கடிதம் வந்து சேரச் சில நாள்கள் ஆகும். அடுத்த பகுதி வெளிவர ஒரு மாதம் ஆகும். இடையே அமைதி இருந்தது. அந்த அமைதியில் எழுத்தாளர் தம்மோடு பேசிக்கொள்ள முடிந்தது. இன்று சில நிமிடங்களில் நூறு குரல்கள் வந்து சேர்கின்றன. விருப்பக் குறிகளும் எண்ணிக்கைகளுமாக வரும் ஆரவாரத்தில், ஜேன் ஹில் போன்ற ஒருவர் மெல்லிய குரலில் எழுதிய நான்கு வரிகள் எளிதில் புதைந்துபோகும். எண்ணிக்கையில் அவரும் ஒன்றே. ஆசைக் குரல்களோ ஆயிரம்.

ஆகவே பொறுப்பு எழுத்தாளரை மட்டும் சார்ந்ததன்று. படிக்கிற நமக்கும் பங்குண்டு. பிடித்த கதைமாந்தருக்காக மன்றாடுவது எளிது. அதில் இன்பமும் உண்டு. நமக்குத் தெரிந்த உண்மையை, நாம் பட்ட காயத்தை, நம் தெருவில் கண்ட வாழ்வை எடுத்துச் சொல்லத்தான் துணிவு வேண்டும். பாரீஸின் தையற்காரிகளும் கைதிகளும் அந்தத் துணிவோடு எழுதினார்கள். அவர்கள் கதையின் முடிவை மாற்றினார்களோ இல்லையோ, எழுதிய மனிதரை மாற்றினார்கள்.

அடுத்த முறை ‘தொடரும்’ என்னும் சொல்லைக் கண்டு எழுதுகோலையோ கைப்பேசியையோ எடுக்கும்போது, நம் அஞ்சலட்டையில் என்ன இருக்கப்போகிறது என்று ஒரு கணம் நின்று எண்ணலாம். கேட்ட முடிவு கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. பிராட்ஷா சீமாட்டிக்கும் அது கிடைக்கவில்லை. ஆயினும் தம்மை மறுத்த அந்த மனிதரோடு அவர் இறுதிவரை நட்பாகவே இருந்தார்.